தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் 2019 பொதுத் தேர்தல்

2019 இந்தியப் பொதுத் தேர்தலின் இரண்டாம் கட்டத்தில், ஏப்ரல் 18, 2019 அன்று, தமிழ்நாட்டின் தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு நடைபெற்றது. மே 23 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. திராவிட முன்னேற்றக் கழகத்தின் (திமுக) வேட்பாளர் கனிமொழி கருணாநிதி 5,63,143 வாக்குகள் பெற்று, பாரதிய ஜனதா கட்சியின் (பாஜக) அன்றைய மாநிலத் தலைவர் தமிழிசை சௌந்தரராஜனை 3,47,209 வாக்குகள் வேறுபாட்டில் தோற்கடித்தார்.

இத்தேர்தலில் நாடு முழுவதும் பாஜக 303 இடங்களைப் பெற்று, முன்னிலும் கூடுதல் வலிமையுடன் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. மாநிலத்திலும் நடுவண் அரசிலும் எதிர்க்கட்சியாக இருந்த திமுகவின் கூட்டணி 39 தொகுதிகளில் 38 இடங்களைக் கைப்பற்றியது. தூத்துக்குடியில் இம்முடிவுக்குத் தனிப்பட்ட பின்னணி ஒன்று இருந்தது. தேர்தலுக்கு ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன்னர், 2018 மே மாதத்தில், ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்திருந்தனர்.

தொகுதி

தூத்துக்குடி மக்களவைத் தொகுதி 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பின்போது உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் இப்பகுதியின் பெரும்பகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் அடங்கியிருந்தது. தூத்துக்குடி தொகுதி பின்வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது.

* விளாத்திகுளம்
* தூத்துக்குடி
* திருச்செந்தூர்
* ஸ்ரீவைகுண்டம்
* ஓட்டப்பிடாரம் (தனி)
* கோவில்பட்டி

இத்தொகுதியை நிலவியல் அடிப்படையில் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். வேம்பார் முதல் பெரியதாழை வரையிலான மன்னார் வளைகுடாக் கரை முதலாவதாகும். தருவைகுளம், தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், மணப்பாடு ஆகிய ஊர்கள் இக்கரையில் அமைந்துள்ளன. ஸ்ரீவைகுண்டத்தை ஒட்டிய தாமிரபரணிப் பாசனப் பகுதி இரண்டாவதாகும். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளில் பரந்துள்ள மானாவாரிக் கரிசல் நிலம் மூன்றாவதாகும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் சங்க காலத்திலிருந்தே புகழ்பெற்றவை. பரதவர் குலத்தினர் பல நூற்றாண்டுகளாக இங்கு முத்துக் குளித்து வந்தனர். 1961ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெரிய அளவிலான முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளித்தலும் மீன்பிடித்தலும் தொடர்ந்தன. உப்பு உற்பத்தியில் நாட்டில் குசராத்துக்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாடு பெறுவதற்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களே முதன்மைக் காரணம் ஆகும். 1974ஆம் ஆண்டில் தூத்துக்குடி துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அதற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயரிடப்பட்டது. துறைமுகத்தைச் சார்ந்து அனல் மின் நிலையம், உரம், வேதிப்பொருள், தாமிரம் ஆகிய தொழில்கள் வளர்ந்தன. இத்தொழில்கள் வேலைவாய்ப்பைத் தந்த அதே வேளையில் நீர், காற்று, கடல்வளம் ஆகியவை குறித்த அச்சத்தையும் மக்களிடையே ஏற்படுத்தின.

முந்தைய தேர்தல்கள்

2009ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் தேர்தலில் திமுகவின் எஸ். ஆர். ஜெயதுரை வெற்றி பெற்றார். அப்போது திமுக மாநிலத்தில் ஆளுங்கட்சியாகவும் நடுவண் அரசில் கூட்டணிக் கட்சியாகவும் இருந்தது.

2014ஆம் ஆண்டுத் தேர்தலில் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் (அதிமுக) மாநிலத்தின் 39 தொகுதிகளில் 37 இடங்களை வென்றது. திமுகவுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் முதன்மை வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள் வருமாறு.

* ஜெயசிங் தியாகராஜ் நட்டர்ஜி (அதிமுக) – 3,66,052 (39.92%)
* ஜெகன் (திமுக) – 2,42,050 (26.40%)
* ஜோயல் (மதிமுக, பாஜக கூட்டணி) – 1,82,191 (19.87%)
* ஏ. பி. சி. வி. சண்முகம் (காங்கிரசு) – 63,080 (6.88%)
* புஷ்பராயன் (ஆம் ஆத்மி கட்சி) – 26,476 (2.89%)

புஷ்பராயன் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தில் பங்கு கொண்டவர். திமுகவும் காங்கிரசும் அத்தேர்தலில் தனித்தனியே போட்டியிட்டன. அதிமுகவும் கூட்டணி இன்றியே களம் கண்டது. எனவே 2014ஆம் ஆண்டின் முடிவு பலமுனைப் போட்டியின் விளைவு ஆகும்.

ஸ்டெர்லைட் ஆலையும் 2018 துப்பாக்கிச் சூடும்

வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை முதலில் மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரியில் அமைவதாக இருந்தது. அங்கு 1993ஆம் ஆண்டில் எழுந்த எதிர்ப்பினால் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் தமிழ்நாடு அரசு தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் இடம் அளித்தது. 1994ஆம் ஆண்டில் அதிமுக ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1996ஆம் ஆண்டில் ஆட்சி மாறிய பின்னர், திமுக ஆட்சிக் காலத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது. தொடக்கத்திலேயே மீனவர்கள் கடலில் படகுகளை நிறுத்தி, ஆலைக்கான மூலப்பொருள் ஏற்றிவந்த கப்பலுக்கு எதிராகப் போராடினர்.

ஆலை தொடர்பான வழக்குகளும் ஆணைகளும் இரு பத்தாண்டுகளுக்கும் மேலாக நீடித்தன.

* செப்டம்பர் 28, 2010 – ஆலையை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மதிமுக பொதுச் செயலாளர் வைகோ வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர்.
* மார்ச் 23, 2013 – வளிமக் கசிவு ஏற்பட்டதாக நகர மக்கள் புகார் அளித்தனர். அதனைத் தொடர்ந்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட ஆணையிட்டது.
* ஏப்ரல் 2, 2013 – உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ஆணையை நீக்கியது. எனினும் சுற்றுச்சூழல் பாதிப்புக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு நிறுவனத்தைப் பணித்தது.
* மே 31, 2013 – ஆலையை மீண்டும் இயக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இசைவளித்தது.

ஆண்டுக்கு 4 இலட்சம் டன் தாமிரம் உற்பத்தி செய்யும் திறன் கொண்டிருந்த ஆலையை இரு மடங்காக விரிவாக்க நிறுவனம் முனைந்தது. இதனை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அ. குமாரரெட்டியபுரம் கிராம மக்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். போராட்டம் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் நகருக்கும் பரவியது. மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரில் பெரும் மக்கள் திரள் கூடியது.

போராட்டத்தின் நூறாவது நாளான மே 22, 2018 அன்று, தடை உத்தரவு நடைமுறையில் இருந்த நிலையில், பனிமய மாதா பேராலயப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் புறப்பட்ட மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றனர். அங்கு காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அன்று பிற்பகல் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலும், மறுநாள் அண்ணா நகரிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மொத்தம் 13 பேர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சில நாள்கள் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. நிகழ்வை விசாரிக்க, ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் மாநில அரசு ஆணையம் ஒன்றை அமைத்தது.

மே 28, 2018 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவ்வாணையை நீக்கி, ஆலையைத் திறக்க வழிசெய்தது. பிப்ரவரி 18, 2019 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையை நீக்கி, சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகுமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்தியது. எனவே வாக்குப்பதிவு நடந்த நாளில் ஆலை மூடியிருந்தபோதிலும், அது மீண்டும் திறக்கப்படுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை.

கூட்டணிகள்

முதலமைச்சர் ஜெயலலிதா டிசம்பர் 5, 2016 அன்றும், திமுக தலைவர் மு. கருணாநிதி ஆகத்து 7, 2018 அன்றும் காலமாயினர். இவ்விருவரும் இல்லாமல் தமிழ்நாடு சந்தித்த முதல் பொதுத் தேர்தல் இதுவாகும்.

ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின்னர் அதிமுக பிளவுற்றது. செப்டம்பர் 2017இல் டி. டி. வி. தினகரனை ஆதரித்த 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் தொகுதிகளின் உறுப்பினர்களும் அவர்களுள் அடங்குவர். தினகரன் அம்மா மக்கள் முன்னேற்றக் கழகத்தை (அமமுக) தொடங்கினார்.

முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியின் தலைமையிலான அதிமுக, 2019 தேர்தலில் பாஜக, பாட்டாளி மக்கள் கட்சி, தேமுதிக, தமிழ் மாநிலக் காங்கிரசு ஆகியவற்றுடன் கூட்டணி அமைத்தது. பாஜகவுக்குக் கோயம்புத்தூர், சிவகங்கை, இராமநாதபுரம், கன்னியாகுமரி, தூத்துக்குடி ஆகிய ஐந்து தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. மு. க. ஸ்டாலின் தலைமையிலான திமுக அணியில் காங்கிரசு, இரு பொதுவுடைமைக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், மதிமுக, இந்திய யூனியன் முசுலிம் லீக் முதலிய கட்சிகள் இடம்பெற்றன.

வேட்பாளர்கள்

கனிமொழி 2007ஆம் ஆண்டு முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை வழக்கிலிருந்து டிசம்பர் 21, 2017 அன்று சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். மக்களவைத் தேர்தலில் அவர் போட்டியிட்டது இதுவே முதல் முறை ஆகும். மருத்துவரான தமிழிசை சௌந்தரராஜன் 2014ஆம் ஆண்டு முதல் பாஜகவின் மாநிலத் தலைவராக இருந்தார். இவர் காங்கிரசுத் தலைவர் குமரி அனந்தனின் மகள். இரு பெண் தலைவர்கள் நேரடியாக மோதியதால் தூத்துக்குடி மாநில அளவில் கவனம் பெற்ற தொகுதியாக மாறியது.

பரப்புரை

திமுக 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே கிராமங்கள்தோறும் ஊராட்சி சபைக் கூட்டங்களை நடத்தி, உள்ளூர்க் குறைகளைக் கேட்டது. பரப்புரையில் அக்கட்சி துப்பாக்கிச் சூட்டை முதன்மையாக முன்வைத்தது. அதனுடன் பணமதிப்பிழப்பு, சரக்கு மற்றும் சேவை வரி, நீட் தேர்வு ஆகியவற்றையும் எடுத்துரைத்தது.

பாஜக அணி, துறைமுக வளர்ச்சி, நெடுஞ்சாலைகள், நடுவண் அரசின் நலத் திட்டங்கள் ஆகியவற்றை முன்வைத்தது. ஆலையை மூடியது தங்கள் அரசே என அதிமுகவினர் வாதிட்டனர். ஆலைக்கு இரு திராவிடக் கட்சிகளின் ஆட்சிகளிலும் இசைவுகள் வழங்கப்பட்டிருந்தன என்பதும் தேர்தல் மேடைகளில் விவாதிக்கப்பட்டது.

ஏப்ரல் 16 அன்று, பரப்புரை முடிவடைந்த நாளில், தூத்துக்குடியில் கனிமொழி தங்கியிருந்த வீட்டில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தினர். அங்கு எதுவும் கைப்பற்றப்படவில்லை. இது எதிர்க்கட்சிகளை மட்டும் குறிவைத்த நடவடிக்கை எனத் திமுக குற்றஞ்சாட்டியது.

வாக்குப்பதிவு

வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 கிறித்தவர்களின் பெரிய வியாழன் ஆகும். கடலோரத்தில் கத்தோலிக்கர் பெருமளவில் வாழ்வதால் தேதியை மாற்றுமாறு கிறித்தவ அமைப்புகள் கோரின. இக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்றே தொடங்கியிருந்ததால், அப்படகுகளில் தொழில் செய்த மீனவர்கள் அந்நாளில் கரையில் இருந்தனர்.

அதே நாளில் விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதிக்கான இடைத்தேர்தலும் நடைபெற்றது. ஓட்டப்பிடாரம் இடைத்தேர்தல் மே 19 அன்று நடைபெற்றது.

முடிவுகள்

வாக்கு எண்ணிக்கை, துப்பாக்கிச் சூட்டின் முதலாம் நினைவு நாளுக்கு மறுநாள் நடைபெற்றது. முதல் ஐந்து இடங்களைப் பெற்றவர்கள் வருமாறு.

* கனிமொழி கருணாநிதி (திமுக) – 5,63,143 (56.77%)
* தமிழிசை சௌந்தரராஜன் (பாஜக) – 2,15,934 (21.77%)
* புவனேஸ்வரன் (அமமுக) – 76,866 (7.75%)
* கிறிஸ்டன்டைன் ராஜசேகர் (நாம் தமிழர் கட்சி) – 49,222 (4.96%)
* பொன் குமரன் (மக்கள் நீதி மய்யம்) – 25,702 (2.59%)

மாநில அளவில் திமுக 24 இடங்களையும் (தனது சின்னத்தில் போட்டியிட்ட தோழமைக் கட்சியினர் உட்பட), காங்கிரசு 8 இடங்களையும், இரு பொதுவுடைமைக் கட்சிகள் தலா 2 இடங்களையும், விடுதலைச் சிறுத்தைகளும் முசுலிம் லீக்கும் தலா ஓர் இடத்தையும் பெற்றன. பணப் பட்டுவாடாப் புகாரால் தள்ளிவைக்கப்பட்டு ஆகத்து 5 அன்று நடைபெற்ற வேலூர் தேர்தலும் இக்கணக்கில் அடங்கும். அதிமுகவுக்குத் தேனி தொகுதி மட்டுமே கிடைத்தது. பாஜக போட்டியிட்ட ஐந்து தொகுதிகளிலும் தோல்வியுற்றது. முந்தைய மக்களவையில் ஓர் உறுப்பினரும் இல்லாதிருந்த திமுக, பாஜகவுக்கும் காங்கிரசுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய கட்சியாக மக்களவைக்குள் நுழைந்தது.

வாக்காளர்கள் மாற்றத்தை விரும்பியதற்கான காரணங்கள்

துப்பாக்கிச் சூடு

துப்பாக்கிச் சூட்டை நடத்தியது மாநில அரசின் காவல்துறை. மக்களவைத் தேர்தலோ நடுவண் ஆட்சியைத் தீர்மானிப்பது. இருப்பினும் மாநில ஆளுங்கட்சியான அதிமுகவும் நடுவண் ஆளுங்கட்சியான பாஜகவும் ஒரே அணியில் நின்றதால், மாநில அரசின் மீதிருந்த சினம் பாஜக வேட்பாளருக்கு எதிரான வாக்காக மாறியது. நிகழ்வைத் தொலைக்காட்சி வழியாகவே அறிந்ததாக முதலமைச்சர் கூறியதும் மக்களிடையே கசப்பை வளர்த்தது. நிகழ்வுக்குப் பின்னர் மக்கள் சந்தித்த முதல் பொதுத் தேர்தல் இதுவே என்பதால், தங்கள் தீர்ப்பைப் பதிவு செய்ய அவர்களுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பாகவும் இது அமைந்தது.

ஆலை மீண்டும் திறக்கப்படும் என்ற அச்சம்

முந்தைய ஆண்டுகளில் மூடப்பட்ட ஒவ்வொரு முறையும் ஆலை நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயத்தின் வழியாக மீண்டும் இயங்கியது. ஆகவே 2018 மே மாத அரசாணையை மட்டும் மக்கள் நம்பவில்லை. ஆலையை மூடுவதற்குச் சிறப்புச் சட்டம் இயற்ற வேண்டும் எனப் போராட்டக் குழுவினர் கோரினர். டிசம்பர் 2018இல் வெளியான தீர்ப்பாய ஆணை இவ்வச்சத்தை உறுதிப்படுத்தியது. மறுபுறம், ஆலையை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், சரக்குந்து உரிமையாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோர் வருவாய் இழந்தனர். ஆலை மூடப்பட்ட பின்னர் 2018-19 நிதியாண்டில் இந்தியா சுத்திகரிக்கப்பட்ட தாமிரத்தின் நிகர இறக்குமதியாளராக மாறியது. இருப்பினும் ஆலையைத் திறக்க வேண்டும் என்பதைத் தேர்தல் முழக்கமாக்க எந்த முதன்மைக் கட்சியும் முன்வரவில்லை.

பொருளாதாரக் குறைகள்

நவம்பர் 2016இல் அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு, நாள் கூலியை ரொக்கமாகப் பெற்றுவந்த உப்பளத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் பாதித்தது. சூலை 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், கையால் செய்யப்பட்ட தீப்பெட்டிகளுக்கு 5 விழுக்காடும் மற்ற தீப்பெட்டிகளுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது. பகுதி இயந்திர முறையில் இயங்கிய கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டி ஆலைகள் உயர் விகிதத்தில் சிக்கியதால் அதனைக் குறைக்கக் கோரின. 2020ஆம் ஆண்டில் இரு வகைக்கும் 12 விழுக்காடு என ஒரே விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தாமிரபரணி நீர் தொழிற்சாலைகளுக்குச் செல்வதை உழவர்கள் எதிர்த்து வந்தனர்.

கடலோர மக்களின் நிலைப்பாடு

நவம்பர் 2017இல் வீசிய ஒக்கிப் புயலில் தென்கோடி மீனவர்கள் பலர் கடலில் மாண்டனர். மீட்புப் பணிகளில் காலத்தாழ்வு ஏற்பட்டதாக எழுந்த குறை, கன்னியாகுமரிக்கு அடுத்துள்ள இக்கரையிலும் எதிரொலித்தது. சிறுபான்மையினர் பாதுகாப்புக் குறித்த கவலை, கத்தோலிக்க மீனவ ஊர்களிலும் இசுலாமியர் மிகுந்த காயல்பட்டினத்திலும் பாஜக வேட்பாளருக்குப் பாதகமாக அமைந்தது.

கூட்டணிக் கணக்கு

வெற்றிக்கு மக்களின் சினம் மட்டும் காரணம் அன்று. 2014இல் தனித்தனியே நின்ற திமுக, காங்கிரசு, மதிமுக ஆகிய மூன்றும் அப்போது பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 4,87,321, அதாவது 53.15 விழுக்காடு ஆகும். 2019இல் இவை ஒரே அணியில் சேர்ந்து பெற்ற 56.77 விழுக்காடு, அதனைவிடச் சற்றே கூடுதலானது. இவ்வகையில் பார்த்தால் வெற்றிக்கான அடித்தளம் கூட்டணியிலேயே இருந்தது எனலாம்.

ஆனால் எதிரணியின் கணக்கு வேறு செய்தியைத் தருகிறது. 2014இல் அதிமுகவும் பாஜக கூட்டணியும் தனித்தனியே பெற்ற வாக்குகள் சேர்ந்து 59.79 விழுக்காடு ஆகும். 2019இல் மதிமுக தவிர அவ்விரு தரப்பின் முதன்மைக் கட்சிகள் ஒன்றாக நின்றும் 21.77 விழுக்காடு மட்டுமே பெற்றன. பிரிந்து சென்ற அமமுகவின் வாக்குகளைச் சேர்த்தாலும் அது 29.52 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2014இல் அதிமுக மட்டுமே பெற்ற வாக்குகளைவிட இத்தொகை 73,252 குறைவு. இவ்வளவு பெரிய சரிவைக் கூட்டணி மாற்றத்தால் மட்டும் விளக்க இயலாது. அதிமுகவின் மரபுவழி வாக்காளர்களில் ஒரு பகுதியினர் பாஜகவின் தாமரைச் சின்னத்துக்கு வாக்களிக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

விளாத்திகுளம் இடைத்தேர்தல்

மாற்றத்தை விரும்பிய மனநிலை தொகுதி முழுவதும் ஒரே அளவில் இருந்ததாகக் கொள்ள இயலாது. ஏப்ரல் 18 அன்றே நடைபெற்ற விளாத்திகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் அதிமுக வேட்பாளர் சின்னப்பன் வெற்றி பெற்றார். ஒரே நாளில், ஒரே வாக்குச் சாவடியில், மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்காளர்கள் தனித்தனியே முடிவெடுத்தனர். கரிசல் நிலப் பகுதியான விளாத்திகுளத்தில் உள்ளூர் வேட்பாளர், இரட்டை இலைச் சின்னம் ஆகியவற்றின் செல்வாக்கு நிலைத்திருந்தது. ஒரு மாதம் கழித்து ஓட்டப்பிடாரத்தில் திமுகவின் சண்முகையா வெற்றி பெற்றார். மாநிலத்தில் 22 தொகுதிகளுக்கு நடைபெற்ற இடைத்தேர்தல்களில் திமுக 13 இடங்களையும் அதிமுக 9 இடங்களையும் பெற்றன. இதனால் அதிமுக அரசு பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது.

பின்விளைவுகள்

தமிழிசை சௌந்தரராஜன் செப்டம்பர் 2019இல் தெலங்காணா ஆளுநராகப் பொறுப்பேற்றார். கனிமொழியின் வேட்புமனுவில் கணவரின் வருமான வரி விவரம் முழுமையாக இல்லை எனக் கூறித் தொடுக்கப்பட்ட தேர்தல் வழக்கை மே 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆகத்து 18, 2020 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடிய ஆணை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டில் கோவிட்-19 தொற்றின் இரண்டாம் அலையின்போது, உச்ச நீதிமன்றத்தின் இசைவுடன் ஆலையின் உயிர்வளிப் பிரிவு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு இயங்கியது. பிப்ரவரி 29, 2024 அன்று நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் திமுக ஆட்சியைப் பிடித்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஐந்தினை அதன் கூட்டணி வென்றது. கோவில்பட்டியில் மட்டும் அதிமுக வெற்றி பெற்றது. அருணா ஜெகதீசன் ஆணையம் மே 2022இல் அளித்த இறுதி அறிக்கை, அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு தேவையற்றது எனவும், ஓடிக்கொண்டிருந்த மக்கள் மீதும் சுடப்பட்டது எனவும் ஆணையம் கண்டது. 17 காவல்துறையினர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும், வருவாய்த் துறையினர் சிலர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சி வழியாகவே அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் கூறியதையும் ஆணையம் ஏற்கவில்லை. அறிக்கை வெளியான பின்னரும், பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை இறந்தோரின் குடும்பத்தினர் தொடர்ந்து எழுப்பினர்.

டிசம்பர் 17, 18, 2023 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. நிவாரண நிதி குறித்து நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்த பூசல், 2024 பொதுத் தேர்தலின் பரப்புரையிலும் இடம்பெற்றது. அத்தேர்தலில் அதிமுகவும் பாஜக அணியும் தனித்தனியே போட்டியிட்டன. கனிமொழி 5,40,729 வாக்குகள் பெற்று, அதிமுகவின் சிவசாமி வேலுமணியை 3,92,738 வாக்குகள் வேறுபாட்டில் தோற்கடித்தார். மற்ற வேட்பாளர்கள் அனைவரும் வைப்புத்தொகையை இழந்தனர். அவ்வாண்டு பாஜக நாடு முழுவதும் 240 இடங்களையே பெற்றுத் தனிப் பெரும்பான்மையை இழந்தது. தமிழ்நாட்டில் 39 இடங்களையும் திமுக கூட்டணி கைப்பற்றியது.

முக்கியத்துவம்

தூத்துக்குடி தொகுதி உருவான பின்னர், மாநிலத்திலும் நடுவண் அரசிலும் ஒருங்கே எதிர்க்கட்சியாக இருந்த கட்சி ஒன்று இங்கு வெற்றி பெற்றது 2019இலேயே முதல் முறையாகும். நாடு தழுவிய அலைக்கு மாறாக, ஒரு தொகுதி தன் உள்ளூர் அனுபவத்தை முன்னிறுத்தி வாக்களிக்க இயலும் என்பதற்கு இத்தேர்தல் எடுத்துக்காட்டாக அமைந்தது. ஆலை மூடப்பட்டதுடன் வாக்காளர்களின் ஒரு கோரிக்கை நிறைவேறியது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்பு என்ற மற்றொரு கோரிக்கை, அவர்கள் விரும்பிய ஆட்சி மாற்றம் மாநிலத்தில் நிகழ்ந்த பின்னரும் நீண்ட காலம் நிலுவையில் நின்றது.

இவற்றையும் பார்க்க

* தூத்துக்குடி மக்களவைத் தொகுதி
* ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டம்
* மன்னார் வளைகுடா
* வ. உ. சிதம்பரனார் துறைமுகம்